குடலிறக்க மெஷ்ஷும் போகாத வலியும்: வழக்குக்கு முன்னால் ஒரு ஸ்டிக்கர்

கேள்வி: அப்பாவுக்கு வயது 61. வலது பக்கக் குடலிறக்கத்துக்கு (ஹெர்னியா) மெஷ் என்கிற செயற்கை வலை வைத்து ஆபரேஷன் செய்து 2 வருடம் 8 மாதம் ஆகிறது. தனியார் மருத்துவமனை, கையிலிருந்து 95,000 ரூபாய் கட்டினோம். தையல் ஆறியதிலிருந்தே அடிவயிற்றிலிருந்து தொடை வரை சுருக்கென்று இழுக்கிற வலி. பைக் ஓட்ட முடியவில்லை. திரும்பத் திரும்பக் காட்டினோம், 'போகப் போகச் சரியாகிவிடும்' என்றார்கள். போன மாதம் வேறொரு டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்துவிட்டு, மெஷ் சுருண்டு நரம்பை அழுத்துகிறது என்கிறார். அமெரிக்காவில் மெஷ் கம்பெனிகள் கோடிக்கணக்கில் நஷ்டஈடு கொடுத்ததாகப் படித்தேன். நாங்களும் வழக்குப் போடலாமா? மெஷ்ஷை எடுத்துவிடுவது நல்லதா?

பதில்:

போடலாம். ஆனால் நீங்கள் படித்த அமெரிக்க வழக்கு வேறு, உங்கள் அப்பாவுக்கு நடந்தது வேறு. அதற்குள் போவதற்கு முன்னால், நேரம் நழுவிக்கொண்டிருக்கிற ஒரு வேலையைச் சொல்லிவிடுகிறேன். (நான் டாக்டர் இல்லை. நுகர்வோர் ஆணையங்களில் மருத்துவ வழக்குகள் நடத்தும் வக்கீல். மருத்துவம் பற்றிக் கீழே சொல்வதெல்லாம் வழக்குக்காகப் படித்ததும், டாக்டர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும்தான்.)

நாளைக்கே அப்பா கையெழுத்திட்ட கடிதத்தோடு ஆபரேஷன் நடந்த மருத்துவமனைக்குப் போங்கள். கேஸ் ஷீட் முழுவதற்கும் நகல் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியைக் கையில் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். அதில் பெரும்பாலும் 'மெஷ் வைத்துச் சரிசெய்யப்பட்டது' என்று ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். நமக்கு வேண்டியது ஆபரேஷன் குறிப்பு, ஒப்புதல் படிவம், அப்புறம் ஒரு ஸ்டிக்கர். மெஷ் வருகிற பெட்டியிலேயே கம்பெனி பெயர், மாடல், அளவு, லாட் நம்பர் (எந்தத் தொகுதியில் தயாரானது என்ற எண், பேட்ச் நம்பர் என்றும் சொல்வார்கள்) அச்சிட்ட சின்ன ஸ்டிக்கர்கள் இருக்கும். தியேட்டர் நர்ஸ் அதில் ஒன்றைக் கேஸ் ஷீட்டில் ஒட்டுவது வழக்கம். அது இல்லையென்றால் அப்பாவின் உடம்புக்குள் இருப்பது யார் செய்த பொருள் என்றே நம்மால் சொல்ல முடியாது. அப்புறம் எந்தக் கம்பெனி மேல் வழக்குப் போடுவது?

கேட்ட 72 மணி நேரத்துக்குள் நகல் தர வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகள் சொல்கின்றன. அதே விதிகள், உள்நோயாளிகளின் பதிவுகளைச் சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து 3 வருடம் வைத்திருந்தால் போதும் என்றும் சொல்கின்றன. உங்கள் கணக்கில் இன்னும் 4 மாதம்தான். கடிதத்தின் இரண்டாவது பிரதியில் 'பெற்றுக்கொண்டோம்' என்று தேதியோடு சீல் வாங்குங்கள். போடமாட்டேன் என்றால் அதே கடிதத்தைத் தபாலில் ஒப்புகையோடு அனுப்புங்கள். என்னிடம் வந்த ஒரு பெண்மணியின் கேஸ் ஷீட்டில் ஸ்டிக்கர் ஒட்டவேண்டிய இடம் காலியாக இருந்தது. அவர் வீட்டு பீரோவில் மஞ்சள் பைக்குள் மடித்து வைத்திருந்த பார்மசி பில்தான் காப்பாற்றியது. அதில் பேட்ச் நம்பர் இருந்தது. எனவே உங்கள் வீட்டிலும் பழைய பில்களைத் தூக்கிப்போட்டுவிடாதீர்கள்.

இனி மெஷ் விஷயம். குடலிறக்கம் என்பது வயிற்றுச் சுவரில் பலவீனமான இடத்தில் விழுந்த ஓட்டை வழியாக உள்ளே இருப்பது பிதுங்குவது. பழைய முறையில் ஓட்டையின் ஓரங்களை இழுத்துச் சேர்த்துத் தைப்பார்கள். இழுத்த இழுப்பில் தையல் விட்டுப்போய்க் குடலிறக்கம் திரும்ப வருவது சகஜமாக இருந்தது. 1950களின் கடைசியில் பிரான்சிஸ் அஷர் என்ற அமெரிக்க சர்ஜன் பிளாஸ்டிக் வலையைக் கொண்டுவந்தார். 1980களில் லிச்டென்ஸ்டைன் என்பவர், ஓரங்களை இழுக்காமல் வலையை மேலே வைத்துத் தைக்கிற முறையைப் பரப்பினார். கிழிந்த வேட்டிக்கு ஒட்டுப்போடுவது மாதிரி. திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது. அதனால்தான் உலகம் முழுவதும் மெஷ்தான் இன்று வழக்கமான சிகிச்சை. 2018-இல் வெளியான சர்வதேச வழிகாட்டுதல்களும் அதையே பரிந்துரைக்கின்றன.

பெரும்பாலான மெஷ், பாலிபுரோப்பிலீன் என்ற பிளாஸ்டிக்கால் ஆனது. உடம்பு அதை அந்நியப் பொருளாகத்தான் பார்க்கும். சுற்றிலும் அழற்சி வரும், வலையின் கண்கள் வழியாகத் தழும்புத் திசு வளர்ந்து பின்னிக்கொள்ளும். அந்தத் தழும்புதான் சுவருக்குப் பலம். தொல்லை வந்தால் அதுவும் அதே தழும்பால்தான் வரும். தழும்பு இறுகும்போது மெஷ் சுருங்கலாம், மடிந்து உருண்டையாகலாம். கவட்டைப் பகுதி வழியாக ஓடும் மெல்லிய நரம்புகளில் ஒன்று அதற்குள் மாட்டிக்கொண்டால் உங்கள் அப்பா சொல்கிற மாதிரி சுருக்கென்ற வலி, எரிச்சல், மரத்துப்போதல், விதைப்பையில் வலி எல்லாம் வரும். சிலருக்கு மாதங்கள், ஏன் வருடங்கள் கழித்துக்கூடக் கிருமி தொற்றிச் சீழ் வடியும். வயிற்றுக்குள்ளே வைத்த மெஷ் குடலோடு ஒட்டிக்கொண்டால் குடல் அடைப்பு வரலாம், அபூர்வமாகக் குடலில் ஓட்டையும் விழலாம். காய்ச்சலோடு அந்த இடம் சிவந்து வீங்கினாலோ, வாந்தியோடு வயிறு உப்பி மலமும் காற்றும் போகாமல் நின்றாலோ வழக்கு, வக்கீல் எல்லாவற்றையும் மறந்துவிட்டு உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

கவட்டைக் குடலிறக்க ஆபரேஷனுக்குப் பிறகு, பொருட்படுத்த வேண்டிய அளவுக்கு நீண்ட நாள் வலி 10 முதல் 12 சதவீதம் பேருக்கு வரலாம் என்று அதே வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. இந்த எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும். ஆனால் மெஷ் இல்லாமல் தைத்தவர்களுக்கும் இந்த வலி வருகிறது. எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுத்து வைக்கப்போவது இதைத்தான்: 'இது தெரிந்த பின்விளைவு, தவறு இல்லை.' நீதிமன்றமும் அதை ஏற்கும், நாம் அதற்கு மேல் ஒன்றைக் காட்டாவிட்டால்.

பிளாஸ்டிக் என்றாலே விஷம் என்று நினைக்கவும் வேண்டாம். மகாராஷ்டிராவில் தொண்டாய்ச்சா என்ற ஊரில் டாக்டர் தோங்காவ்கர், விலை கட்டுப்படியாகாத நோயாளிகளுக்காகக் கொசுவலைத் துணியைச் சுத்திகரித்து மெஷ்ஷாக வைத்துப் பார்த்தார். பின்னால் உகாண்டாவில் அந்த மாதிரி மலிவு வலையையும் கம்பெனி மெஷ்ஷையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு நடந்தது. 2016-இல் வெளியான முடிவுப்படி இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. எங்கே வைக்கிறார்கள், எப்படி வைக்கிறார்கள், நோயாளியிடம் என்ன சொல்லி வைக்கிறார்கள் என்பதில்தான் பாதிக் கதை இருக்கிறது.

இப்போது அமெரிக்கா. அங்கே பெரும்பணம் கைமாறியது முக்கியமாகப் பெண்களுக்கு வைத்த மெஷ்ஷுக்காக. கர்ப்பப்பை இறக்கத்துக்கும், இருமினால் தும்மினால் சிறுநீர் கசிவதற்கும் பிறப்புறுப்பு வழியாக வைத்த மெஷ். அது பிறப்புறுப்புச் சுவரை அரித்துக்கொண்டு வெளியே தலைகாட்டியது. உட்கார முடியாத வலி, தாம்பத்தியமே முடியாத நிலை, திரும்பத் திரும்பச் சிறுநீர்த் தொற்று. 2008-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. இந்தச் சிக்கல்கள் அபூர்வம் என்றது. 2011-இல் அபூர்வம் இல்லை என்று மாற்றிச் சொன்னது. 2019 ஏப்ரலில், இறக்கத்துக்காகப் பிறப்புறுப்பு வழியே வைக்கும் மெஷ்ஷை விற்கக் கூடாது என்றே உத்தரவிட்டது. மேற்கு வர்ஜீனியாவில் ஒரே கூட்டரசு நீதிமன்றத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வழக்குகள் குவிந்தன. ஆஸ்திரேலியாவில் ஜான்சன் அண்ட் ஜான்சன் குழும நிறுவனங்களுக்கு எதிராக 2019-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 2022-இல் அந்தக் கம்பெனி 30 கோடி ஆஸ்திரேலிய டாலருக்குச் சமரசம் செய்துகொண்டது. அந்த வழக்கின் உயிர்நாடி, ஆபத்தைப் போதுமான அளவு எச்சரிக்கவில்லை என்பதுதான்.

குடலிறக்க மெஷ்ஷை எஃப்.டி.ஏ. அப்படி மொத்தமாகத் தடை செய்யவில்லை. குறிப்பிட்ட சில மாடல்கள் மேல்தான் வழக்குகள். பார்ட் கம்பெனி மெஷ்கள் மேல் ஒஹாயோவில் நடந்த வழக்குகளில் முதல் விசாரணையில், 2021-இல், ஜூரி கம்பெனி பக்கம் தீர்ப்புச் சொன்னது. இரண்டாவதில் 2,55,000 டாலர் கொடுக்கச் சொன்னது. 2024 அக்டோபரில் சுமார் 38,000 வழக்குகளுக்கு மொத்தமாகச் சமரசம் ஆனது. அதற்குள் ஆறு வருடம் ஓடியிருந்தது. இதில் சேர முடியுமா என்று கேட்டால், அது அங்கே ஆபரேஷன் செய்துகொண்டவர்களுக்கானது. இங்கே வைத்த மெஷ்ஷுக்கு அங்கே போய் வழக்காடுவது நடைமுறையில் எடுபடாது. 'அமெரிக்கக் கேஸில் பேர் சேர்க்கிறோம், பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்று யாராவது போன் செய்தால் வைத்துவிடுங்கள்.

இந்தியச் சட்டத்தில் உங்கள் அப்பாவின் குறை மூன்றில் எதுவாகவும் இருக்கலாம். எது என்று கண்டுபிடிப்பதுதான் நல்ல வக்கீலின் முதல் வேலை. மூன்றையும் ஒன்றாகக் குழப்பி எழுதிய புகார்கள் தோற்பதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஒன்று, டாக்டரின் கை. மெஷ்ஷை மடிந்த நிலையில் வைத்தாரா, நரம்போடு சேர்த்துத் தைத்தாரா என்பது. இதை நிரூபிப்பது கஷ்டம். நியாயமான திறமையுள்ள ஒரு சர்ஜன் செய்யக்கூடியதிலிருந்து அவர் விலகினார் என்று காட்ட வேண்டும். எல்லா வழக்கிலும் நிபுணர் சாட்சியம் கட்டாயமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் சொன்னது உண்மை. ஆனால் வயிற்றுக்குள் துணியை மறந்து வைத்துத் தைப்பது போல இது பார்த்தவுடன் புரிகிற தவறு இல்லை. இன்னொரு சர்ஜனின் எழுத்துமூலமான கருத்து இல்லாமல் போகாதீர்கள். ஆனால் ஆபரேஷனுக்குப் பிறகு நடந்தது தனி விஷயம். இரண்டரை வருடமாக வலிக்கிறது என்று வந்தவரை ஒரு ஸ்கேன்கூட எடுக்காமல், வலி நிபுணரிடம் அனுப்பாமல் 'சரியாகிவிடும்' என்றே அனுப்பியது. என் கண்ணுக்கு உங்கள் வழக்கின் பலமான இடம் இதுதான்.

இரண்டாவது, ஒப்புதல். 2008-இல் சமீரா கோலி வழக்கில் உச்ச நீதிமன்றம், சிகிச்சை என்ன, வேறு வழி உண்டா, கணிசமான ஆபத்து என்ன என்று நோயாளிக்குச் சொல்ல வேண்டும், அபூர்வமான ஆபத்துகளைச் சொல்லத் தேவையில்லை என்றது. இங்கேதான் அந்த 10 முதல் 12 சதவீதம் உதவும். பத்தில் ஒருவருக்கு வருவதை அபூர்வம் என்று சொல்ல முடியாது. மெஷ் இல்லாத வழிகளும் இருக்கின்றன. அடுக்கடுக்காகத் தைக்கும் கனடாவின் ஷோல்டைஸ் முறை பழையது. புனே டாக்டர் தேசார்தா, நோயாளியின் சொந்தத் தசைநார் பட்டையையே கொண்டு ஓட்டையை மூடும் முறையைக் கொடுத்தார். இவை உங்கள் அப்பாவுக்குப் பொருந்தியிருக்குமா என்பது டாக்டர்கள் சொல்ல வேண்டியது. ஆனால் 'மெஷ்' என்ற வார்த்தையே இல்லாத, அட்மிஷன் கவுண்டரில் கையெழுத்து வாங்கிய அச்சடித்த படிவம் மட்டும் இருந்தால், அதைக் கேள்வி கேட்கலாம். படிவம் எந்த மொழியில் இருந்தது, அப்பாவுக்கு அந்த மொழி தெரியுமா என்றும் பாருங்கள்.

மூன்றாவது, பொருள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்பு என்று தனி அத்தியாயமே இருக்கிறது. அது 2020 ஜூலை 20 முதல் நடைமுறையில் இருப்பதால் உங்கள் அப்பாவுக்குப் பொருந்தும். தயாரிப்பிலோ வடிவமைப்பிலோ குறை இருந்தாலும், போதுமான எச்சரிக்கை தராவிட்டாலும் தயாரிப்பாளர் பதில் சொல்ல வேண்டும். ஆனால் இதில் ஒரு கண்ணி இருக்கிறது. நிபுணர் மட்டுமே பயன்படுத்தக்கூடிய பொருளாக இருந்து, அந்த நிபுணருக்கு எச்சரிக்கை போய்ச்சேரக் கம்பெனி நியாயமான ஏற்பாடு செய்திருந்தால், எச்சரிக்கவில்லை என்று அதன்மேல் குறை சொல்ல முடியாது என்கிறது பிரிவு 87. மெஷ் அப்படிப்பட்ட பொருள்தான். 'நாங்கள் டாக்டரிடம் சொன்னோம்' என்று கம்பெனி சொல்லும், 'கம்பெனி எங்களிடம் சொல்லவில்லை' என்று டாக்டர் சொல்வார். எனவே இருவரையும் ஒரே புகாரில் எதிர்த்தரப்பாகச் சேர்க்க வேண்டும். ஒருவர்மேல் ஒருவர் கைகாட்டுவது நமக்குச் சாட்சியம்.

இடுப்பு மூட்டு விஷயத்தில் நடந்ததை நினைத்துக்கொண்டு அரசே நஷ்டஈடு வாங்கித் தரும் என்று காத்திருக்க வேண்டாம். 2010-இல் உலகம் முழுவதும் திரும்பப் பெறப்பட்ட ஏ.எஸ்.ஆர். செயற்கை மூட்டுக்கு, 2018-இல்தான் மத்திய அரசு குழு அமைத்து நஷ்டஈட்டுக் கணக்குப் போட்டது. மெஷ்ஷுக்கு அந்த மாதிரி ஏற்பாடு இங்கே இல்லை.

காலக்கெடுதான் உங்கள் வழக்கில் என்னைக் கவலைப்பட வைப்பது. வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் புகார் செய்ய வேண்டும். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையம் மன்னிக்கலாம். நீங்கள் எம்.ஆர்.ஐ. எடுத்த நாளிலிருந்து எண்ணச் சொல்வீர்கள், அவர்கள் ஆபரேஷன் நாளிலிருந்து எண்ணுவார்கள். 2010-இல் உச்ச நீதிமன்றத்துக்கு வந்த ஒரு வழக்கைக் கேளுங்கள். 1993-இல் பித்தப்பை ஆபரேஷன், வருடக்கணக்கில் வயிற்று வலி. 2002-இல் வேறொரு மருத்துவமனையில் திறந்து பார்த்தபோது உள்ளே துணி. 2004-இல் புகார். காலம் கடந்துவிட்டது என்று தள்ளுபடி ஆனது. வெளியே தெரியாத பாதிப்பு என்றால் தெரியவந்த நாளிலிருந்து எண்ணலாம் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால் இத்தனை வருடம் வலித்தும் ஆபரேஷன் செய்த டாக்டரிடம் போய் ஏன் கேட்கவில்லை என்று திருப்பிக் கேட்டது. உங்கள் அப்பா போய்க் கேட்டிருக்கிறார், அதுவும் திரும்பத் திரும்ப. 'வலி இருக்கிறது, மறுபடி வரவும்' என்று எழுதிய ஒவ்வொரு ஓ.பி. சீட்டும் இப்போது பத்திரம் மாதிரி. தேதிவாரியாக அடுக்குங்கள். புகாரோடு தாமத மன்னிப்பு மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்துவிடுங்கள். இரண்டு வருடத்துக்குள்தான் இருக்கிறோம் என்று வீம்பாக நிற்க வேண்டாம்.

செலவைப் பற்றிப் பயப்படாதீர்கள். எந்த ஆணையம் என்பது நீங்கள் கேட்கும் நஷ்டஈட்டை வைத்து இல்லை, கட்டிய பணத்தை வைத்து. 95,000 ரூபாய் என்றால் மாவட்ட ஆணையம். 5 லட்சம் வரை கட்டணமே இல்லை. ஆபரேஷன் வேறு ஊரில் நடந்திருந்தாலும் அப்பா குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், வக்கீல் இல்லாமலும் வாதாடலாம். வக்கீல் வைத்தால், 'ஜெயித்தால் இத்தனை பங்கு' என்று பேசுபவரைத் தவிர்த்துவிடுங்கள். அமெரிக்காவில் அது வழக்கம், இங்கே பார் கவுன்சில் விதிப்படி கூடாது. அப்புறம் போலீஸில் புகார் கொடுக்கலாமா என்று உறவினர்கள் கேட்பார்கள். 2005-இல் ஜேக்கப் மாத்யூ வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்புக்குப் பிறகு மிக மோசமான அலட்சியம் இருந்தால்தான் டாக்டர்மேல் குற்ற வழக்கு நிற்கும். இது அந்த ரகம் இல்லை. (யாரிடமும் கட்டணமே வாங்காத அரசு மருத்துவமனையில் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் இதைப் படித்தால்: உங்களுக்கு நுகர்வோர் ஆணையம் பொருந்தாது, சிவில் நீதிமன்றமோ உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுவோதான் வழி.)

கடைசியாக, எடுத்துவிடலாமா என்ற கேள்வி. வேலிக்கம்பியைச் சுற்றி மரம் வளர்ந்துவிட்டால் கம்பியை மட்டும் உருவ முடியாது, பட்டையும் சேர்ந்து வரும். மெஷ்ஷும் அப்படித்தான். எடுத்தாலும் வலி போகும் என்று உறுதியில்லை, குடலிறக்கம் திரும்பவும் வரலாம். நரம்பைச் சுற்றி மரத்துப்போகும் ஊசி, நரம்பு வலி மாத்திரைகள், தேவைப்பட்டால் நரம்பைத் துண்டிப்பது என்று முன்னால் பல படிகள் இருக்கின்றன. மெஷ் எடுப்பதில் அனுபவமுள்ள இரண்டு சர்ஜன்களிடமாவது கேளுங்கள். வழக்குக்கு வலு சேர்க்கும் என்பதற்காக மட்டும் எடுக்கவே எடுக்காதீர்கள். வழக்கின் மதிப்பைக் கூட்டுவதற்காகப் பெண்களைத் தேடிப் பிடித்து மெஷ் எடுக்கும் ஆபரேஷனுக்கு அனுப்பிய தரகர் கூட்டம் அமெரிக்காவில் இருந்ததை 2018-இல் நியூயார்க் டைம்ஸ் எழுதியது.

எடுக்கத்தான் வேண்டும் என்று டாக்டர்கள் முடிவு செய்தால், ஆபரேஷனுக்கு முந்தைய நாளே மருத்துவமனைக்கு எழுத்தில் கொடுத்துவிடுங்கள்: எடுத்த மெஷ்ஷைத் திசுப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும், மிச்சத்தைப் பாதுகாத்து எங்களிடம் ஒப்படைக்க வேண்டும், படம் எடுத்து வைக்க வேண்டும். சொல்லாவிட்டால் அது மருத்துவக் கழிவோடு போய்விடும். 2016-ஆம் ஆண்டு விதிகள் அந்த வகைக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க விடுவதில்லை. இன்னொரு வேலையும் இருக்கிறது, பணம் வராது, ஆனாலும் செய்யுங்கள். காசியாபாத்தில் உள்ள இந்திய மருந்துத் தரநூல் ஆணையம் 2015 முதல் மருத்துவச் சாதனங்களால் வரும் பாதிப்புகளைப் பதிவு செய்கிறது. நோயாளியே அங்கே தெரிவிக்கலாம். அந்தப் படிவத்திலும் முதலில் கேட்பது கம்பெனி பெயரும் லாட் நம்பரும்தான், அதனால் கேஸ் ஷீட் கையில் வந்த பிறகு நிரப்புங்கள்.